கறை எடுக்கும் அறையில் என் மகன்

என் மகனுக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் முதலில் சண்டை போட்டது அவனோடு அல்ல, அதைக் கண்டுபிடித்துச் சொன்ன வாத்தியாரோடு. ஆபீஸ் ரூமுக்கு என்னை வரச்சொல்லி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப் நான்கைந்தை எடுத்து டேபிள்மேல் வைத்தார். "உங்க பையன் பையில இருந்துச்சுங்க. இத மோந்து பாத்துட்டுத்தான் கிளாஸ்ல மயங்கிக் கெடக்குறான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங் சார், சைக்கிள்ல வர்ற பையன் பையில பஞ்சர் டியூப் இல்லாம பவுடர் டப்பாவா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் பொறுமையான மனுஷன். "ஒரு சைக்கிளுக்கு ஒரு டியூப் போதுங்களே" என்றார். பதில் இல்லை என்பதற்காக வாயை மூடுகிற ஆளா நான்? உங்களுக்குப் பாடம் நடத்தத் துப்பில்லை, என் பையன்மேல் பழி போடுகிறீர்கள் என்று நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

என் வாய் அப்படிப்பட்டது. அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது. கீழே கம்பெனி, மாடியில் வீடு. நூல், சாயம் போடுகிற டையிங், ஆர்டர் என்று வெளியே அலைவது என் வீட்டுக்காரர். உள்ளே தைத்த பீஸ் பெட்டிக்குள் போகிற வரைக்கும் என் பொறுப்பு. செக்கிங் டேபிளில் நான் உட்கார்ந்தேன் என்றால் ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எதுவும் தப்பாது. டெய்லர்கள் என் தலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அப்படிப்பட்டவளின் பிள்ளை எட்டு மாதமாகப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு சொல்யூஷன் மோந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு அப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் அவனை பெல்ட்டால் அடித்தார். நான் தடுக்கவில்லை. இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடாமலும் பார்த்தேன். பிறகு கணியூரில் இருந்த என் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒன்று என்றால் தாய்மாமன் வந்து உட்கார வேண்டும். அவர் சொல்வதற்கு மேல் பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணன் வந்துவிட்டார். கையில் ஒரு பை இளநீர் வேறு.

அன்றைக்கு அண்ணன் ஒரு வார்த்தை அதட்டவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏங் கண்ணு, என்னத்துக்கு அதப் போயி மோந்தே? மாமங்கிட்டச் சொல்லு சாமி."

"தலைக்குள்ள ஒரே இரைச்சலா இருக்குதுங் மாமா. அத மோந்தா நின்னுருதுங்க" என்றான்.

என்ன இரைச்சல், எப்போதிலிருந்து, எதனால் என்று அங்கே இருந்த மூன்று பெரிய மனுஷர்களில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. "கீழ இத்தனை மிஷின் ஓடுனா இரைச்சல் வராம என்ன வரும்?" என்றேன் நான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணன்தான் முடிவு சொன்னார். கெட்ட சகவாசம்தான் காரணம். ஸ்கூலை நிறுத்திவிட வேண்டும். கம்பெனியிலேயே ஒரு வேலையைக் கொடுத்து, காலை முதல் சாயங்காலம் வரை அம்மாவின் கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். "ஊட்டுல எல்லாருமாச் சேந்து ஒரு வருசம் பாத்துக்கிட்டாப் பையன் தங்கமா ஆயிருவான், நீ வேணாப் பாரு அம்முணி" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இந்த ஊரில் படிப்பு ஏறாத பிள்ளை, வீட்டுக்கு அடங்காத பிள்ளை, காதல் கீதல் என்று திரிகிற பிள்ளை எல்லோருக்கும் நாங்கள் வைத்திருக்கிற ஒரே வைத்தியம் அதுதான். கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம். நாங்கள் அவனுடைய பை, பாக்கெட், தலையணை உறை எல்லாவற்றையும் தேடினோம். சைக்கிளைக்கூட விற்றுவிட்டோம். வீட்டில் ஃபெவிகால் டப்பா ஒன்று இருந்தது, அதையும் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

முதல் மாதம் என் எதிரிலேயே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினான். முகத்தில் உயிரே இல்லை. கை நடுங்கியது, கத்திரி நழுவி நழுவி விழுந்தது. திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் கறை எடுக்கிற ஆள் ஊர்த்திருவிழாவுக்கு என்று மதுரைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. துணியில் மிஷின் எண்ணெய் பட்டுவிட்டால் கெமிக்கலை ஸ்பிரே கன்னில் ஊற்றி அடித்துக் கறையை எடுப்பார்கள். அதற்கென்று செக்கிங் டேபிளுக்குப் பின்னால் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை உண்டு. பீஸ் குவிந்துவிட்டது. நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் அடிக்கிறனுங்கம்மா" என்றான் அவன்.

ஒரு மாதமாக வாயைத் திறக்காத பிள்ளை, வேலை கொடு என்று தானாகக் கேட்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு மத்தியானம் அவனுக்குப் பிடித்த அரிசியும்பருப்பும் செய்து, மேலே நெய்யை ஊற்றி, நானே கொண்டுபோய் வைத்தேன். என்னைப்போல் முட்டாள் எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்குக் கை நடுக்கம் நின்றது. காலையில் நான் எழுப்புவதற்கு முன்பே கீழே இறங்கிப் போனான். கண் சிவந்திருந்தது, அந்த அறையில் வேலை செய்கிற எவருக்கும் சிவக்கும். தலைவலி என்றான்; அதுவும் வருவதுதான். சோறு குறைந்தது, வளர்ந்த பையன், வெயில் காலம் என்று நினைத்தேன். அண்ணனுக்கு வாரம் தவறாமல் போன் போட்டு, "சொன்னாப்பலயே ஆச்சுங் ணா" என்று சொன்னேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம் விடாமல் போய் என் பையன் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான் என்று பீற்றினேன்.

செக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு குழந்தைகளோடு பிழைக்க வந்தவள். ஒருநாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்து, "யக்கா, தம்பிய அந்த ரூம்ல வச்சிக்கிடாதிய. நல்லா இல்ல" என்றாள். "எது நல்லா இல்ல?" என்று கேட்டேன். "அவன் கதவ அடச்சிக்கிட்டு இருக்கான்க்கா" என்றாள். என் பையன் பொறுப்பாக இருப்பது வெளியூர்க்காரிக்குப் பொறுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. "உன்ற டேபிள்ல இருக்கற பீஸ மட்டும் பாரு. என்ற பையன நான் பாத்துக்கறேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் அந்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பவர் கட் ஆரம்பித்திருந்த காலம் அது. ஒருநாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போடுகிறவரைக்கும் மிஷின் எல்லாம் நின்று கம்பெனியே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தனியாக இருக்கிற பையன் யாரோடு சிரிக்கிறான் என்று போய்க் கதவைத் தள்ளினேன். வேஸ்ட் துணி மூட்டைமேல் சாய்ந்து கிடந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது, முகத்தருகே கெமிக்கலில் நனைத்த துணி. என்னைப் பார்த்தான், ஆனால் நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல், "உக்காருங்க, அம்மா வந்துருவாங்க" என்றான்.

கோயம்புத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். என் வீட்டுக்காரர், நான், அண்ணன் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார், சொன்னோம். பையனை எங்கே வேலைக்கு வைத்தீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவன் எந்தக் கெமிக்கலுக்கு அடிமையாகியிருந்தானோ, அதே மாதிரியானதைக் கேன் கேனாக வைத்திருக்கிற அறைக்குள் அவனை உட்கார வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

"அது போதை இல்லீங் டாக்டர். அது கறை எடுக்கறதுங்க" என்றேன் நான்.

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதுவும் போதைதான் என்று உண்மையாகவே தோன்றவில்லை. இருபது வருடமாக அந்த வாசத்தில்தான் எழுந்தோம், சாப்பிட்டோம், கல்யாணத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினோம். சாராயம், கஞ்சா, சொல்யூஷன் எல்லாம் கெட்டவர்களுடைய சமாச்சாரம். எங்களுக்குச் சோறு போடுகிற பொருளை அந்தக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு மனசு வரவில்லை, புத்தியும் இல்லை. ஃபெவிகால் டப்பாவைத் தூக்கிப் போட்ட கையால்தான் நான் அவனிடம் கன்னைக் கொடுத்தேன்.

ஒரு மாதம் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை குடும்பத்தோடு பேச வேண்டும் என்று வரச்சொன்னார்கள். பிள்ளையை அடிக்காதீர்கள், மற்றவர்கள் எதிரில் கேவலப்படுத்தாதீர்கள், அவன் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள் என்றார்கள். மூன்றாவது சொன்னதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி இருந்ததில் ஒருநாள் அவன் பேசினான். ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்தே தனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றான். செத்துப்போய்விடலாம் என்று தோன்றும், யாரிடமும் சொல்லவில்லை என்றான். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். "அம்மா சத்தம் போடுவாங்க" என்றான். குறை சொல்கிறமாதிரிக்கூட இல்லை, அம்மா காலையில் டீ குடிப்பாங்க என்கிறமாதிரி சொன்னான்.

அந்த வாசம் இல்லாத இடத்தில் அவனை வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் கணியூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சினான், மாட்டைப் பிடித்துக் கட்டினான், நன்றாகச் சாப்பிட்டான். போனில், "இன்னிக்கு வாய்க்கால்ல குளிச்சேங்கம்மா" என்பான். நான் சத்தம் போடாமல் பேசப் பழகிக்கொண்டிருந்தேன். ஏழாவது வாரம், அண்ணனே பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சந்து முனையில் நின்றார். கணியூரில் அண்ணனுடைய மொபெட்டின் பெட்ரோல் டேங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை அதன்மேலேயே போட்டு மயங்கிக் கிடந்திருக்கிறான். தாய்மாமன் வீட்டுக்குள் வரவில்லை. "என்னால ஆகல அம்முணி. நான்தான வாயத் தொறந்து சொன்னேன், கம்பெனில உடுன்னு" என்று சொல்லி ரோட்டிலேயே அழுதார். ஐம்பது வயசு ஆண்பிள்ளை அழுவதைச் சந்தே பார்த்தது.

நாங்கள் கறை எடுக்கிற வேலையை வெளியே கொடுத்துவிட்டோம், அறையையும் கழுவிப் பூட்டினோம். அதனால் என்ன? இந்த ஊரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு கம்பெனி, எந்தக் கம்பெனியில் நுழைந்தாலும் ஒரு கேன். நானும் வீட்டுக்காரரும் எங்கள் சந்தில் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி, கையெடுத்துக் கும்பிட்டு, பையன் வந்தால் உள்ளே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதவள் நான். பக்கத்துக் கம்பெனிக்காரர் எங்களுக்காகக் கேனை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "எங்கூட்டுப் பையனாட்டத்தானுங்க. நீங்க தைரியமா இருங்க" என்றார்.

அவன் சந்தை விட்டுப் போக ஆரம்பித்தான். இரண்டு நாள், மூன்று நாள் என்று காணாமல் போவான். ஒருதடவை ஐந்து நாள் கழித்துப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். சட்டை இல்லை. உதடு முழுக்கப் புண். ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள், ஒருத்தர் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கோயம்புத்தூரில் சேர்த்தோம், பத்தாம் நாள் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டான். அந்த டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூளையில் பாதிப்பு வந்துவிட்டது, இதயமும் பலவீனமாக இருக்கிறது. இனி எந்தத் தடவையில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவைகூட அவன் அதைத் தொடக்கூடாது. இதை அவர் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார், ஆனால் நான்தான் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்கு அடுத்த வாரம், ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் டையிங்குக்குப் போயிருந்தார். மாடிப்படிக் கேட்டைப் பூட்டி வைத்திருந்தேன். காலையிலிருந்து அவன் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். தலையைச் சுவரில் முட்டினான், நான் கையை நடுவில் கொடுத்தேன், என் விரல் வீங்கிவிட்டது. அதைப் பார்த்து நின்றான். பிறகு என் காலடியில் வந்து உட்கார்ந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. "அம்மா, பூட்டத் தொறந்து உடுங்கம்மா. இல்லாட்டி நீங்களே கொஞ்சம் வாங்கிட்டு வந்து குடுங்கம்மா. ரோட்டுல கெடக்க எனக்கும் கேவலமாத்தானுங்க இருக்குது" என்றான்.

பல்லடத்தில் ஒருத்தர் காலால் தள்ளியது மட்டும் கண்ணில் நின்றது. என் பிள்ளை அப்படிப் போகக்கூடாது என்று நினைத்தேன். அவன் போகவே கூடாது என்று நினைக்கிற தெம்பு என்னிடம் தீர்ந்துவிட்டது. இதை எழுதவே இத்தனை வருடம் ஆனது.

அவனை உள்ளே வைத்துக் கேட்டைப் பூட்டிவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் போனேன். "நல்ல சேலை ஒண்ணுல கிரீஸ் பட்டுருச்சுங்க. கொஞ்சூண்டு கெமிக்கல் வேணுமுங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவளிடம் யார் கேட்பார்கள்? பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "பையன் எப்படிங்க இருக்கறான்?" என்று மட்டும் கேட்டார். "பரவால்லீங்க" என்றேன்.

அதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பாயைப் போட்டு, தலையணை வைத்துப் படுக்க வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "இரைச்சல் நின்னுருச்சுங்கம்மா" என்றான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாலு மணி இருக்கும், நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை.

பாட்டிலை நான்தான் கழுவிக் குப்பையில் போட்டேன். எல்லோரும் வந்தார்கள். ரோட்டில் போகாமல் பெற்றவள் மடியில் போனானே என்று பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் அழவில்லை. பூட்டிய வீட்டுக்குள் அது எப்படி வந்தது, எந்த நாய் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து, ஈர வேட்டியோடு, அங்கே நின்றிருந்த பக்கத்துக் கம்பெனிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "உங்க கம்பெனி ஆளுகதான் ஜன்னல் வழியாக் குடுத்திருக்கோணும். எவன்னு சொல்லுங்க" என்றார்.

அந்த மனுஷன் திமிறவில்லை. என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"எங்க ஆளுக யாரும் குடுக்கலீங்க. அலமாரியப் பூட்ட மறந்தது நானுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அவரை அறைந்தார். நாலு பேர் வந்து விலக்கிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.